கார் வருமுன் காப்பு

(மூதாளர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

தமிழ்நாட்டுப் பள்ளியொன்றிற் பயிலும் சிறுவனை அழைத்து, "கோடைக்குப் பின் வரும் பருவம் யாது?" என்று கேட்டால், அவன் சற்றும் தயங்காமல், "இலையுதிர் காலம்" என்று விடை கூறுகின்றான். குற்றம் அவனுடையதன்று. மேலைநாட்டார் தம் நிலத்திற்கு ஏற்ப வகுத்துக்கொண்ட நான்கு பருவங்களை, அவை எல்லா நிலத்திற்கும் பொதுவானவை போல அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களின் குற்றம் அது. செப்தம்பர்த் திங்களில் மேலைநாட்டு மரங்கள் இலை பழுத்து உதிர்க்கின்றன. அதே வேளையில் தமிழ்நிலத்து மரங்கள் மழை கண்டு துளிர்க்கின்றன. இங்கு இலையுதிர்வது மாசி, பங்குனித் திங்கள்களிலேயே. முதுவேனிலுக்குப் பின் இங்கு வருவது கார். காருக்குப் பின் வருவது கூதிர்.

பெயரில் என்ன இருக்கின்றது என்று கேட்பாருண்டு. பெயர் மாறினால் நினைப்பு மாறும். நினைப்பு மாறினால் காப்பும் மாறும். 'கார்' என்னும் சொல்லே கருமுகிலையும் மழையையும் கண்முன் நிறுத்துகின்றது. 'கூதிர்' என்னும் சொல் குளிர்காற்றை உணர்த்துகின்றது. சிற்றூர்ப் பாட்டிமார் "கூதலடிக்கிறது" என்று இன்றும் சொல்வது அச்சொல்லின் உறவேயாம். மேற்கிலிருந்து வீசும் கோடை, தெற்கிலிருந்து வீசும் தென்றல், கிழக்கிலிருந்து வீசும் கொண்டல், வடக்கிலிருந்து வீசும் வாடை எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்ட மக்கள் தமிழர். கோடை தணிந்து கொண்டலும் வாடையும் தொடங்கும் போழ்து, எந்தச் சாளரத்தைத் திறப்பது, எதனைச் சாத்துவது என்பதை அப்பெயர்களே சொல்லிவிடும். சொல்லை மறந்தவன் அச்சொல் காத்துவைத்த அறிவையும் மறந்தவனாகின்றான்.

ஆவணி, புரட்டாசி என வழங்கும் மடங்கல், கன்னித் திங்கள்கள் கார்காலம். ஐப்பசி, கார்த்திகை என வழங்கும் துலை, நளித் திங்கள்கள் கூதிர்காலம். இந்நான்கு திங்களும் மூதாளர்க்கு ஆண்டிலேயே கடுமையான தேர்வுக் காலம். அதனை எவ்வாறு கடப்பது என்பதே இவ்வுரையின் பொருள்.

காலமும் மருந்தும்

திருவள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தின் பத்துக் குறள்களுள் ஆறினை உண்ணும் முறைக்கே ஒதுக்கினார். முன் உண்டது செரித்த பின்னரே அடுத்துண்ண வேண்டும். அதுவும் அளவோடும், பொருந்துவது அறிந்தும், நன்கு பசித்த பின்னும் உண்ண வேண்டும் என்பதே அவற்றின் சாரம். அவ்வதிகாரத்தின் இறுதி இரு குறள்களும் ஆழ்ந்து எண்ணத்தக்கவை. நோயாளியின் நிலை, நோயின் நிலை, அவற்றோடு காலம் ஆகிய மூன்றையும் எண்ணியே மருத்துவன் செயற்பட வேண்டும் என்கின்றது ஒன்று. நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன் என மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் உண்டு என்கின்றது மற்றொன்று.

இன்றைய தமிழ் இல்லங்களில் மூதாளர் இருக்கின்றனர். மருத்துவரும் இருக்கின்றனர். மருந்தும் தெருத்தோறும் கிடைக்கின்றது. குறைந்திருப்பவை இரண்டே. ஒன்று, காலமறிந்து நடத்தல். மற்றொன்று, அந்த நான்காம் உறுப்பு. மகன் ஒரு நாட்டில், மகள் வேறொரு நகரில். மூதாளர் மட்டும் பூட்டிய கதவுக்குள் மழையொலியைக் கேட்டுக்கொண்டு தனித்திருக்கும் வீடுகள் எத்தனை!

பருவம் மாறுங்கால் உடலில் நிகழ்வது

இளைய உடல் வெப்பத்திற்கும் குளிருக்கும் விரைந்து இசைந்து கொடுக்கும். முதிய உடல் அவ்வாறு இசைவதில்லை. அகவை ஏற ஏற நீர்வேட்கை உணர்வு குன்றுகின்றது; உடலில் நீர் குறைந்த பின்னும் நா அதனைச் சொல்வதில்லை. வியர்வை சுரக்கும் ஆற்றலும், சிறுநீரகம் நீரைக் காத்து வைக்கும் ஆற்றலும் குறைகின்றன. தோலுக்கடியிலுள்ள கொழுப்பு மெலிவதால் குளிர் எளிதில் உள்ளேறுகின்றது. குளிருங்கால் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன, குருதியழுத்தம் ஏறுகின்றது, நெஞ்சாங்குலைக்கு வேலை மிகுகின்றது. நோயை எதிர்க்கும் ஆற்றலும் தளர்ந்திருக்கின்றது.

மேலும் ஒன்று. மூதாளர்க்கு நோய் வந்தால் அது எப்போதும் காய்ச்சலாகவே வெளிப்படும் என்று எண்ணுதல் கூடாது. உடல் கொதிக்காமலேயே நுரையீரலில் அழற்சி இருக்கக்கூடும். உணவை மறுத்தல், வழக்கத்திற்கு மாறான உறக்கம், பேச்சுத் தடுமாற்றம், ஆளை அடையாளம் அறியாமை, கால் தடுமாறி விழுதல் ஆகியவை திடீரெனத் தோன்றினால், "முதுமை, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுக. "முதுமைதானே" என்னும் அச்சொல் பல உயிர்களைக் குடித்திருக்கின்றது.

கார்காலம்: வெயிலும் மழையும் கலந்த போழ்து

கத்திரி வெயில் கழிந்தவுடன் கோடை முடிந்தது என்று பலர் கருதுகின்றனர். உள்மாவட்டங்களில் ஆவணி, புரட்டாசிப் பகல்கள் இன்னும் சுடுகின்றன. மாலையில் திடீர் மழை, இரவில் புழுக்கம், விடியலில் குளிர். ஒரே நாளில் முப்பருவமும் வந்து போகின்றன.

இக்காலத்தில் வேட்கை தோன்றாவிடினும் மூதாளர் மணிக்கொருமுறை சிறிது நீர் பருகுதல் வேண்டும். உப்பு அளவாக இட்ட நீர்மோரும் கஞ்சியும் நன்று. நெஞ்சாங்குலை நோயோ சிறுநீரக நோயோ உடையவர்க்கு நீரின் அளவை மருத்துவரே வரையறுத்தல் வேண்டும். சிறுநீர் போக்கும் வில்லைகளை உண்பவர்கள், வெயில் தணிந்ததும் தாமே அளவை மாற்றிக்கொள்ளுதல் கூடாது.

முதல் மழை கிணற்றிலும் குளத்திலும் குழாயிலும் அழுக்கைச் சேர்க்கின்றது. ஆதலால் கார் தொடங்கிய நாள்முதல் குடிநீரைக் கொப்புளித்துக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, மூடிய கலத்தில் வைத்துப் பருகுக. வயிற்றுப்போக்கு நேர்ந்தால், ஓர் இலிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு சிறுகரண்டிச் சருக்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும் தலைதட்டிய அளவில் இட்டுக் கலக்கிச் சிறிது சிறிதாகப் பருகத் தருக. நீரிழிவோ குருதியழுத்தமோ உடையவர்க்கு இதனைத் தொடங்கும்போதே மருத்துவர்க்கும் சொல்லிவிடுக. மூதாளர்க்கு ஒருநாள் வயிற்றுப்போக்கே சிறுநீரகத்தைத் தாக்கவல்லது.

மழை வலுக்குமுன் செய்யத்தக்க மற்றொரு செயல் தடுப்பூசி. நச்சுயிரால் வரும் சளிக்காய்ச்சல், இளையோர்க்குச் சில நாள் தொல்லை; மூதாளர்க்கோ அது நுரையீரல் அழற்சியாக முற்றக்கூடும். அதற்கான தடுப்பூசி ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டியது. போட்ட பின் அதன் காப்பு முழுமையடைய ஏறத்தாழ இரு கிழமையாகும். ஆதலால் வாடை வீசத் தொடங்கிய பின் ஓடுவதைவிட, ஆவணியிலேயே மருத்துவரைக் கண்டு கேட்டுக்கொள்ளுதல் அறிவுடைமை.

கூதிர்காலம்: நான்கு பகைவர்

தமிழ்நாட்டில் ஆண்டுக்குப் பெய்யும் மழை பொதுவில் ஏறத்தாழ 92 செ.மீ. அதில் ஏறக்குறையப் பாதியை வடகிழக்குப் பருவக்காற்றே தருகின்றது. உழவர்க்கு அது வாழ்வு. மூதாளர்க்கோ அதனோடு நான்கு பகைவர் சேர்ந்து வருகின்றனர்.

முதற்பகை கொசு. தெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. தெளிந்து தேங்கிய நீரே அதன் தொட்டில். கொட்டாங்கச்சியும், உடைந்த சட்டியும், பூந்தொட்டியின் அடித்தட்டும், வீசியெறிந்த வண்டிச் சக்கர உறையும் போதும். முட்டை கொசுவாகப் பறக்க ஏறத்தாழ ஒரு கிழமை ஆகும். ஆதலால் கிழமைக்கொரு நாள் குறித்து, வீட்டைச் சுற்றியுள்ள கலங்களையெல்லாம் கவிழ்த்து உலர்த்துக. இக்கொசு பகலிற் கடிப்பது. பகலில் உறங்கும் மூதாளர்க்குப் பகலிலும் கொசுவலை வேண்டும். 2012-ஆம் ஆண்டில் திருநெல்வேலிப் பகுதியில் இக்காய்ச்சல் கடுமையாகப் பரவியதைத் தமிழ்நாடு மறந்துவிடலாகாது. காய்ச்சல் கண்டால் வலி நீக்கும் வில்லைகளைத் தாமே வாங்கி விழுங்குதல் கூடாது. அவற்றுட் சில குருதிக் கசிவை மிகுவிக்கும். நெஞ்சாங்குலைக்காக நாள்தோறும் ஆசுபிரின் உண்பவர்கள் அதனை மருத்துவர்க்குத் தெரிவித்து, அவர் சொல்வதுபோல் நடக்க வேண்டும். காய்ச்சல் தணிந்தவுடன் இடர் நீங்கியதாகவும் எண்ணற்க. தணியும் அந்நாள்களிலேயே கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, குருதிக் கசிவு, மயக்கம் ஆகியவை தோன்றக்கூடும். தோன்றினால் ஒரு நொடியும் தாழ்த்தலாகாது.

இரண்டாம் பகை ஈரத்தரை. முதுமையில் எலும்பு மெலிந்திருக்கின்றது. கிணற்றடிப் பாசியிலும், குளியலறை வழுக்கலிலும், மின்சாரம் நின்ற இருளிலும் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர், மீண்டும் முன்போல் நடப்பது அரிது. எத்தனையோ மூதாளரின் இறுதிப் படுக்கை, ஒரு குவளை நீர் சிந்திய தரையிலிருந்தே தொடங்கியிருக்கின்றது. ஆதலால் மழைக்கு முன்பே பாசியைச் சுரண்டுக. குளியலறைச் சுவரில் உறுதியான கைப்பிடி பொருத்துக. படுக்கையருகே கைவிளக்கு வைக்க. விழித்தவுடன் எழுந்து நடவாமல், சற்றே அமர்ந்திருந்து பின் எழுக. எண்ணெய்க் குளியலை மழையில்லாத நாளில், வெயில் ஏறிய பின், துணையோடு வைத்துக்கொள்க.

மூன்றாம் பகை வெள்ளநீர். நீரிழிவு நோயாளர்க்குக் காலில் உணர்வு குன்றியிருக்கும். முள் தைத்ததும் தெரியாது. அக்காலோடு தேங்கிய நீரில் நடந்தால் சேற்றுப்புண் முதல் எலிக்காய்ச்சல் வரை பல நோய்கள் நுழைகின்றன. எலியின் சிறுநீர் கலந்த நீர், சிறு கீறல் வழியாகவும் உடலுக்குள் நோயைச் செலுத்தும். வெளியிற் சென்று வந்த மூதாளரின் கால்களை வழலைக்கட்டியிட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமறத் துடைத்து, உள்ளங்காலையும் பார்த்துவிடுதல் மகனுக்கோ மகளுக்கோ நாட்கடனாகட்டும். தாய் தந்தையர் காலைத் தொட்டு வணங்குவதைவிட, அக்காலை நாளும் கழுவிப் பார்ப்பது சிறந்த வணக்கம்.

2015 திசம்பரில் சென்னை மூழ்கிற்று. 2023 திசம்பர் 17, 18 நாள்களில் தென்மாவட்டங்கள் மூழ்கின. அப்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டிற்று, தமிழ்நாட்டிற்கு ஓராண்டில் பெய்யும் பொது அளவினும் அது மிகுதி! இத்தகைய நாள்களில் மருந்துக்கடைக்குச் செல்ல வழியிராது. ஆதலால் ஐப்பசி பிறக்குமுன், இரு கிழமைக்குப் போதிய மருந்து, மருத்துவர் எழுதிய சீட்டு, மூக்குக்கண்ணாடி, கைவிளக்கு, உலர் உணவு ஆகியவற்றை நீர் புகாத பையொன்றிலிட்டு உயரத்தில் வைக்க. இன்சுலின் ஊசிமருந்து போடுவோர், மின்சாரம் நின்றால் அதனை எங்குக் குளிரவைப்பது என்பதையும் முன்கூட்டியே எண்ணி வைக்க.

நான்காம் பகை குளிரும் புகையும். மூச்சிரைப்பு நோயாளர்க்கு வாடைக்காற்று ஒரு சுமை. ஐப்பசியில் வெடி வெடிக்கும் நாள்களில் எழும் கந்தகப் புகை மற்றொரு சுமை. அந்நாள்களில் அவர்கள் கதவடைத்து உள்ளிருப்பதும், உறிஞ்சு மருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பதும் நன்று. ஒரு வேளைக் களிப்பிற்காகத் தாத்தாவின் மூச்சை அடைக்கலாமா என்று பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள், பிள்ளைகள் புரிந்துகொள்வர்.

உணவும் அடுக்களை மருந்தும்

கூதிர்காலத்தில் செரிமானம் மெதுவாகும். நாவோ மிகுதியாகக் கேட்கும். வடையும் அப்பளமும் ஊறுகாயும் வற்றலும் மழையொலியோடு சேர்ந்து அழைக்கும். உப்பு மிகுந்தால் குருதியழுத்தம் மிகும் என்பதை மறவற்க. அவ்வப்போது சமைத்த சூடான உணவு, பயறு, நன்கு கழுவி வேகவைத்த கீரை, உண்பவர்க்கு மீனும் முட்டையும் என அளவோடு உண்க. இரவுணவை உறக்கத்திற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துக்கொள்க. மழை விட்ட காலைகளில் இளவெயிலில் சற்று நடமாடுக. எலும்புக்கு உரமூட்டும் ஊட்டத்தை உடல் வெயிலின் துணையால் ஆக்கிக்கொள்கின்றது. மழையென்று நாள் முழுதும் படுத்திருந்தால் மூட்டுகள் இறுகும்.

சுக்கு, மிளகு, திப்பிலி, தூதுவளை, துளசி, மஞ்சள் ஆகியவை தமிழ் அடுக்களையின் காவலர்கள். தொண்டைக் கரகரப்பிற்கும் சளிக்கும் சுக்குநீரும் மிளகுச்சாறும் இதம் தருகின்றன. நிலவேம்புக் குடிநீரைத் தமிழ்நாட்டரசே காய்ச்சற் காலங்களில் மக்களுக்கு வழங்கியிருக்கின்றது. ஆயினும் தமிழ்ப் பற்று அறிவைக் கட்டிப்போடுவதாக இருத்தல் கூடாது. குருதியாய்வு செய்ய வேண்டிய காய்ச்சலை, "குடிநீர் போதும்" என்று வீட்டில் வைத்திருப்பது மருத்துவமன்று. நீரிழிவு மருந்தும் குருதி உறையாமைக்கான மருந்தும் உண்பவர்கள், எந்த மூலிகையையும் மருத்துவர்க்குச் சொல்லிய பின்னரே தொடர்ந்து அருந்துக. ஆவி பிடிக்கையில் கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோன மூதாளர் பலர். அருகில் ஒருவர் இருந்தாலன்றி அதனைச் செய்யற்க. எங்கிருந்து வந்த அறிவாயினும் உண்மையைத் தேர்ந்து கொள்வதே தமிழ் மரபு.

மருந்தும் மொழியும்

இனி, இவ்வுரையின் உயிரான செய்திக்கு வருவோம். எழுபத்தைந்து அகவை மூதாட்டி ஒருவர் கையில் ஐந்து வகை வில்லைகள் உள்ளன. அவற்றின் உறைமேல் உள்ள பெயரும் கெடுநாளும் ஆங்கிலத்தில். அதுவும் எறும்பினும் சிறிய எழுத்தில். அவர் தமிழ் நன்கு படிக்கத் தெரிந்தவர்; தம் சொந்த மண்ணில், தம் உயிரைக் காக்கும் பொருளின் முன், எழுதப் படிக்கத் தெரியாதவராக நிறுத்தப்படுகின்றார்! வெள்ளை வில்லை காலைக்கு, மஞ்சள் வில்லை இரவுக்கு என்று நிறத்தை வைத்தே நினைவு கொள்கின்றார். கடைக்காரர் வேறு நிறுமத்தின் மருந்தைத் தந்தால் நிறம் மாறிவிடுகின்றது. குருதியழுத்த மருந்தை இருமுறை உண்டு மயங்கி விழுந்தால், அது முதுமையின் குற்றமா? மொழியைப் புறந்தள்ளியவரின் குற்றமா?

மொழியுரிமை என்பது மேடையில் முழங்குவதற்கு மட்டும் உரிய பொருளன்று. அது மூதாட்டியின் உள்ளங்கையிலுள்ள வில்லை. மருந்துறைமீது தமிழ் வேண்டும். மருத்துவச் சீட்டில் தமிழ் வேண்டும். மருத்துவர் நோயாளியோடு தமிழிற் பேசுதல் வேண்டும். இவற்றை அரசிடமும் மருந்து நிறுமங்களிடமும் ஓயாது கேட்போம். 2021 ஆகத்து 5-ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற அரசுத் திட்டம், நீரிழிவு, குருதியழுத்த மருந்துகளை இல்லந்தேடிக் கொணர்ந்தது. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அதன் பெயர், எந்தப் பாட்டிக்கும் விளங்கும் பெயர். பெயரில் இயன்றது உறைமேல் இயலாதா?

அந்நாள் வரும்வரை இளையோர் கைகட்டி இருக்க வேண்டுவதில்லை. இன்றிரவே ஒரு தாளை எடுத்துக் காலை, நண்பகல், இரவு என மூன்று கட்டம் இடுக. ஒவ்வொரு மருந்தின் பெயரையும், அது எந்நோய்க்கு என்பதையும், உணவுக்கு முன்னா பின்னா என்பதையும், பெரிய தமிழெழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுக. உடனடி உதவி ஊர்தியை அழைக்கும் 108, மூதாளர் உதவிக்கான 14567 ஆகிய எண்களையும் அதன்கீழ் எழுதுக. தொலைவில் வாழும் பிள்ளைகள், மழைநாள்களில் காலையும் மாலையும் கைப்பேசியில் அழைத்து, "நீர் பருகினீர்களா? மருந்து உண்டீர்களா?" என்று கேளுங்கள். அண்டை வீட்டார் ஒருவரிடம் மாற்றுத் திறவுகோல் கொடுத்து வையுங்கள். திருவள்ளுவர் சொன்ன நான்காம் உறுப்பு இப்படித்தான் மீண்டும் உண்டாகும்.

மூதாளரைக் காப்பது மொழியைக் காப்பதே

1916-ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகள், மொழியைப் பற்றி மட்டும் எழுதவில்லை; உணவைப் பற்றியும், மக்கள் நூறாண்டு வாழும் வழியைப் பற்றியும் நூல்கள் எழுதினார். நலிந்த உடலோடு மொழிப்பணி நடவாது என்பதை அவர் அறிந்திருந்தார். மொழிஞாயிறு பாவாணர் 1902-இல் பிறந்தவர். செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராக அவர் அமர்த்தப்பெற்றது 1974-இல். அப்போது அவர்க்கு அகவை 72. பிறர் ஓய்வு கொள்ளும் அகவையில் அவர் தம் வாழ்நாட் பணியைத் தொடங்கினார். 1981 சனவரியில் அவர் மறைந்தார். அகரமுதலியின் முதல் மடலம் வெளிவந்ததோ 1985-இல். இன்னும் சில ஆண்டு அவர் உடல் தாங்கியிருந்தால் தமிழ்க்கு எத்துணைச் சொற்செல்வம் கிடைத்திருக்கும்!

பாவாணர் ஒருவரே. ஆயினும் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அகரமுதலி உட்கார்ந்திருக்கின்றது. நெல்லின் வகை, மீனின் வகை, மழையின் வகை, உறவின் வகை ஆகியவற்றிற்குரிய பெயர்கள் அந்த மூதாளரின் நாவில் உள்ளன. அச்சிலேறாத சொற்கள் அவை. அவர் ஒரு கூதிரில் இருமி ஓய்ந்தால், அவரோடு அச்சொற்களும் ஓய்ந்துபோம். இக்கார்காலத்தில் அவர்க்கு ஒரு குவளைச் சுக்குநீர் கொடுத்து அருகில் அமர்ந்து, "இந்த மழைக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?" என்று கேளுங்கள். கேட்பவர்க்குச் சொல் கிடைக்கும். சொல்பவர்க்கு வாழும் விழைவு கிடைக்கும். தனிமை என்னும் நோய்க்கு இதனினும் சிறந்த மருந்து இல்லை.

மூதாளர்களே! முதுமை சுமையன்று; சுமையென்று பிறர் சொன்னாலும் நீங்கள் நம்பற்க. நீர் பருகுக, நிலம் பார்த்து நடக்க, வேளை தவறாது மருந்துண்க. இளையோரே! வாடை வருமுன் சாளரத்தைப் பழுதுபாருங்கள். மழை வருமுன் பாசியைச் சுரண்டுங்கள். இன்றே தமிழில் மருந்துப் பட்டியல் எழுதுங்கள்.

மூத்தோர் வாழ்க! அவர்தம் நாவில் தமிழ் வாழ்க!